பரிசு கல்லுக்கா, காத்தவருக்கா?



பரிசு என்றால் பிள்ளைகள் பள்ளிக்கூட மேடையில் ஏறி வாங்குவது என்றுதான் நமக்குப் பழக்கம். கிராஅத் போட்டி, பேச்சுப் போட்டி, ஓட்டப் போட்டி என்று வருடா வருடம் நடக்கும். ஒரு கிராமத்துக்கே பரிசு கொடுக்கும் வழக்கமும் உலகில் வந்திருக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுலா அமைப்பு 2021 ஆம் ஆண்டில் "சிறந்த சுற்றுலாக் கிராமங்கள்" என்ற தெரிவைத் தொடங்கியது. முதல் தடவையில் 44 கிராமங்கள் தெரிவாகின.

அந்தத் தெரிவுக்கு என்ன விதி தெரியுமா? பெரிய நகரங்கள் விண்ணப்பிக்க முடியாது. சனத்தொகை 15,000 க்கு மேற்படக் கூடாது. விவசாயம், காடு, கால்நடை, மீன்பிடி ஆகிய பழைய தொழில்கள் அங்கே உயிரோடு இருக்க வேண்டும். ஊரின் மரபுச் செல்வங்கள் எவை, அவை எப்படிக் காக்கப்படுகின்றன, வருமானம் யார் கைக்குப் போகிறது, பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் அதில் பங்கு உண்டா, சுற்றாடல் கெடாமல் இருக்கிறதா, பாதை வசதி, வைத்திய வசதி, பாதுகாப்பு எப்படி என்றெல்லாம் பார்க்கிறார்கள். விண்ணப்பம் அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் வழியாகவே போக வேண்டும்.

இதை வாசித்தபோது எனக்கு உடனே வெருகல்தான் நினைவுக்கு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

வெருகல் எப்படிப்பட்ட இடம்?

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லையில் இருக்கிறது வெருகல். மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, கடலை நெருங்கும்போது பிரிகிறது. ஒரு கை மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மற்றக் கை வெருகல் ஆறாக ஓடிக் கடலில் சேர்கிறது. வயல், காடு, களப்பு, கடல் நான்கும் கூடிய பூமி அது. எருமைத் தயிருக்கும் தேனுக்கும் மீனுக்கும் குறைவில்லாத பகுதி.

ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது. அதன் தெற்கு மதிலைக் கயிலாய வன்னியனார் கட்டுவித்ததாகச் சொல்லும் கல்வெட்டு அங்கே உண்டு. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கிக் கால்நடையாகச் செல்லும் இந்துக்கள், இந்த வெருகலைக் கடந்துதான் தெற்கே போகிறார்கள். அவர்கள் வரும் வழியில் நமது முஸ்லிம் ஊர்களும் இருக்கின்றன.

வெருகலையும் மூதூரையும் அண்டிய கரையோரத்தில் வேடர் வழிவந்த மக்கள் வாழ்கிறார்கள். காலப்போக்கில் தமிழே அவர்களுடைய பேச்சாகிவிட்டது. செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டில் வேடரைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில், கிழக்குக் கரையோர வேடரையும் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

சற்று வடக்கே சேருவிலை விகாரை. பௌத்த மக்களுக்கு மிகப் பழைமையான தலம். சேருவிலையிலிருந்து மகாவலிக் கரையோரமாகச் சிவனொளிபாத மலை வரை செல்லும் பழைய யாத்திரைப் பாதையை, உலக மரபுரிமைக்கான முன்மொழிவுப் பட்டியலில் இலங்கை அரசாங்கம் 2010 ஆம் ஆண்டு சேர்த்தது. அந்தப் பாதை முடியும் மலை எது? நமது முன்னோர் "பாவாத மலை" என்று சொன்ன அதே மலைதான். 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா ஏறியதும் அந்த மலையில்தான். அயலவரின் யாத்திரை தொடங்கும் இடமும், நமது பயணி ஏறிய மலையும் ஒரே பாதையின் இரு முனைகளாக இருப்பது சிந்திக்க வேண்டிய விஷயமல்லவா?

மூதூரில் இன்னொரு கதை இருக்கிறது. கொட்டியாரக் குடாவில் கப்பலோடு வந்து தங்கிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1660 ஆம் ஆண்டில் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டார். ஏறக்குறைய இருபது வருடங்கள் சிறையிருந்து, தப்பிப்போய், 1681 இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டார். அவரைப் பிடித்த இடம் என்று ஒரு புளியமரத்தை மூதூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டி வந்தார்கள்.

கோயில், விகாரை, வேடர் குடி, ஆங்கிலேயர் கதை, நமது பள்ளிவாசல்கள், தயிர்ப்பானை, மீன்வலை... இத்தனையும் சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்கியிருக்கின்றன. இதைவிட வேறென்ன வேண்டும்?

பாதையும் பாலமும்

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. பல வருடங்களாக இந்தக் கரையோரத்தில் ஆறுகளைக் கடக்க "பாதை" என்று நாம் சொல்லும் மிதவைதான் இருந்தது. வாகனங்கள் வரிசையில் நிற்கும். காத்திருப்பவர்களுக்கு இளநீரும் அவித்த கடலையும் விற்று ஒரு சில குடும்பங்கள் வாழும். பிறகு யுத்தம் வந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியது. 2006 ஆம் ஆண்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் அகதிகளாக ஓடினார்கள். வெருகல், ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைப் பக்கம் ஓடினார்கள். இரு சாராரும் கையில் பிள்ளையைத் தவிர எதையும் எடுத்துச் செல்ல முடியாத நாட்கள் அவை.

யுத்தம் முடிந்தபின் பாலங்கள் வந்தன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. வெருகலிலும் பாலம் எழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், நோயாளியை ஏற்றிய வாகனம் ஆற்றங்கரையில் காத்துக் கிடந்த காலம் போனது. ஆனால் பாலம் வந்ததும் இன்னொன்று நடந்தது. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே போகிறவர்கள் நிற்காமலே போகத் தொடங்கினார்கள். கோணேசர் மலையையும் நிலாவெளிக் கடலையும் பார்க்க வருகிறவருக்கு வெருகல் என்பது ஜன்னல் வழியாகத் தெரியும் ஒரு பெயர்ப்பலகை. அவர் அங்கே ஒரு தேநீர் குடிக்காவிட்டால், அந்த ஊருக்கு அவரால் என்ன பிரயோசனம்?

ஒரு முஸ்லிம் கிராமம் பெற்ற பெயர்

ஒதுக்குப்புறமான ஒரு கிராமம் உலகின் கண்ணுக்குத் தெரிய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். குஜராத் மாநிலத்தில் கச்சு என்ற மாவட்டம். அங்கே வெள்ளை வெளேரென்ற உப்புப் பாலைவனத்தின் ஓரத்தில் தோர்தோ என்ற கிராமம். கால்நடை வளர்த்து வாழும் முஸ்லிம் குடும்பங்களின் ஊர். 2001 ஜனவரி 26 இல் கச்சு மாவட்டத்தையே புரட்டிப்போட்ட பூகம்பத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அழிவைக் கண்ட மாவட்டத்திலிருந்துதான் 2023 ஆம் ஆண்டில் தோர்தோ, ஐ.நா. அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தெரிவானது. அவ்வருடம் உலகம் முழுவதிலும் தெரிவானவை 54 கிராமங்கள் மட்டுமே.

தோர்தோவுக்கு வருகிறவர்கள் உப்புப் பாலைவனத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் வந்தவர் மனதில் தங்குவது இன்னொன்று. அந்தப் பகுதியின் வட்டமான மண்வீடுகள். சுவரில் களிமண்ணைக் குழைத்து, நடுவே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்யும் வேலை. முத்வா குலத்துப் பெண்கள் நுணுக்கமாகத் தைக்கும் கண்ணாடித் தையல். உம்மா மகளுக்கும், மகள் தன் மகளுக்கும் சொல்லிக்கொடுத்த கைவேலை இது. கலியாணச் சீராகத் தைத்து வந்ததுதான் அந்த ஊரின் முகமாக மாறியது. தெலுங்கானாவின் பூச்சம்பள்ளி 2021 இல் இதே தெரிவில் இடம்பெற்றதற்கும் அங்குள்ள நெசவுத் தறிதான் காரணம்.

பரிசு கிடைத்தது பாலைவனத்துக்கா, அந்தப் பெண்களின் விரல்களுக்கா? நீங்களே சொல்லுங்கள்.

நமது கிழக்கு மாகாணத்திலும் விரல்கள் இருக்கின்றன. பன் புல்லை அறுத்து, காயவைத்து, சாயம் போட்டுப் பாய் இழைக்கும் முஸ்லிம் பெண்கள் எத்தனை பேர்! மருதமுனைத் தறியில் நெய்த சாரனும் சேலையும் நாடெங்கும் போகின்றன. ஆனால் ஒரு பாய்க்குப் பெண் எத்தனை நாள் குந்தியிருந்தாள் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. பிளாஸ்டிக் பாய் மலிவு என்று நம் வீட்டிலேயே பன்பாயைச் சுருட்டி வைத்துவிட்டோம். நாமே சுருட்டி வைத்ததற்கு வெளியார் வந்து எப்படி மதிப்புக் கொடுப்பார்கள்?

பழைய பள்ளிவாசலை என்ன செய்கிறோம்?

ஊர்களுக்கு மட்டுமல்ல, பழைய கட்டிடங்களைப் பேணுகிறவர்களுக்கும் பரிசு உண்டு. யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய பசுபிக் நாடுகளுக்காக 2000 ஆம் ஆண்டிலிருந்து இப்படிப் பரிசளித்து வருகிறது. 2017 இல் தமிழ்நாட்டின் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு அது கிடைத்தது. பழைய கட்டிடங்களைப் பழைய முறைப்படியே பழுதுபார்த்ததோடு, மழைநீர் வடியும் பழைய வழிகளையும் மீட்டெடுத்திருந்தார்கள்.

2021 ஆம் ஆண்டில் பரிசு பெற்றவற்றில் ஒன்று பள்ளிவாசல். பங்களாதேஷில் டாக்கா நகருக்கு அருகே கேரானிகஞ்ச் பகுதியில் உள்ள தோலேஷ்வர் ஹனபிய்யா ஜும்ஆப் பள்ளி. 1868 இல் கட்டப்பட்டது. தொழ வருவோர் தொகை கூடியது. பழைய பள்ளி போதவில்லை. சாதாரணமாக இந்த நிலையில் என்ன செய்வார்கள்? நமக்குத் தெரியும். இடித்துத் தள்ளிவிட்டுப் புதிய மாடிக் கட்டிடத்துக்கு அத்திவாரம் போடுவார்கள். அந்த ஊர் மக்கள் அப்படிச் செய்யவில்லை. புதிய பள்ளியைப் பக்கத்தில் கட்டினார்கள். பழையதைச் சீர்செய்து நூலகமாக்கினார்கள். தொழுகைக்கு இடமும் கிடைத்தது, முன்னோரின் உழைப்பும் மிஞ்சியது.

நமது ஊர்களில் சுண்ணாம்புச் சாந்தும் மரத்தூணும் கொண்டு கட்டிய எத்தனை பள்ளிகள் கடந்த ஐம்பது வருடத்துக்குள் மறைந்தன! கீழக்கரையில் கல்லால் கட்டிய பழைய ஜும்ஆப் பள்ளி இன்றும் நிற்பதால்தான், தமிழ் பேசும் முஸ்லிம்களின் கட்டிடக்கலை எப்படி இருந்தது என்று ஆராய்ச்சியாளர் போய்ப் பார்க்க முடிகிறது. இடித்திருந்தால் எதைப் பார்ப்பார்கள்? புதுப் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழையதை இடிக்குமுன் ஒரு மஷூரா செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பழைய கல்லின் மதிப்பை அறியாததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே ஒரு முஸ்லிம். அவருடைய கடற்பயணத்தின்போது 1409 ஆம் ஆண்டு திகதியிட்ட ஒரு கல்வெட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் அந்த ஒரே கல்லில். சீன எழுத்து புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. தமிழ் எழுத்து தேவேந்திரமுனையில் இருந்த இந்துக் கடவுளுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. பாரசீகம் இஸ்லாத்தின் பெயரால் கொடுத்ததைச் சொல்கிறது. இவ்வளவு அருமையான கல் 1911 இல் காலி நகரில் எப்படிக் கண்டெடுக்கப்பட்டது தெரியுமா? ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது! இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதற்கு முன் எத்தனை பேர் அதன்மேல் நடந்து போயிருப்பார்கள்!

பெருமையா, பயமா?

இங்கே ஒரு உண்மையைப் பேசாமல் போனால் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. "தொல்பொருள்" என்ற சொல்லைக் கேட்டால் கிழக்கிலே பல வீடுகளில் பெருமை வருவதில்லை, பயம்தான் வருகிறது. 2020 ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென ஒரு ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் இது. ஆனால் அந்தச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. "காணி போய்விடுமோ, வயல் போய்விடுமோ" என்று மக்கள் கலங்கியதில் என்ன ஆச்சரியம்?

வெருகல் பிரதேசத்திலேயே இலங்கைத்துறை முகத்துவாரம் என்ற இடம் இருக்கிறது. புனித தந்தத்தைக் கொண்டுவந்தவர்கள் கரையிறங்கிய இடம் என்று பௌத்த மக்கள் அதை நம்புகிறார்கள். அங்கே வாழும் தமிழ் மக்களுக்கும் அந்தக் கரையைப் பற்றித் தங்கள் நினைவுகளும் வழிபாடுகளும் உண்டு. ஒரே இடத்துக்கு இரண்டு கதைகள் இருப்பது தவறல்ல. ஒன்றைப் பெரிய பலகையில் எழுதி மற்றதை அழிப்பதுதான் தவறு. பெயர்ப்பலகையை வாசிக்கும் வெளியூர்க்காரருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது நெஞ்சில் தைக்கும்.

ஆகவே, மரபுச் சுற்றுலாவில் ஓர் இடம் சிறந்ததா இல்லையா என்று பார்க்க, கட்டிடத்தின் அழகும் வருவோர் தொகையும் போதாது. என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் மூன்று கேள்விகள் போதும். வந்தவர் செலவழித்த பணத்தில் ஊர்ப் பெண்ணின் கைக்கு ஏதாவது வந்ததா? ஊர்மக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல இடம் இருக்கிறதா? விருந்தாளி போனபின் ஆறும் கடற்கரையும் முன்புபோல் சுத்தமாக இருக்கின்றனவா? இம்மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், மாலையைத் தாராளமாகப் போடலாம்.

"சுற்றுலா வந்தால் ஒழுக்கம் கெடுமே?"

இது உங்களில் பலர் மனதில் இருக்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. பொத்துவில் அறுகம்பையில் கடல் அலையில் சறுக்கி விளையாட வெளிநாட்டார் வருகிறார்கள். அங்கே பல குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. உடை, மது பற்றிய மனக்கசப்புகளும் அங்கே உண்டு. ஆனால் கடற்கரைக் கேளிக்கையைத் தேடி வருகிறவரும், ஓர் ஊரின் வாழ்வை அறிய வருகிறவரும் ஒரே மாதிரி அல்ல. எங்கள் ஊரில் இன்ன உடை, இன்ன நேரத்தில் தொழுகை, கேட்காமல் பெண்களைப் படம் பிடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு மனம் நோவதில் பயனில்லை.

பயணம் நம் மார்க்கத்துக்குப் புதிதும் அல்ல. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு. ஸகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். வழியில் வந்தவரைக் கவனிப்பது நமக்குக் கடமையாகவே வந்திருக்கும்போது, அவர் நம்மைக் கெடுத்துவிடுவார் என்று மட்டும் பயந்துகொண்டிருப்பது சரியா?

இன்னொன்று. கோயிலும் விகாரையும் நமது வணக்கத் தலங்கள் அல்ல. நம் அகீதாவில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் அயலவர் நூற்றாண்டுகளாகக் காத்து வந்ததை மதிப்பதும், அவர்கள் யாத்திரை போகும்போது தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதும் அயலார் உரிமையில் சேர்ந்தவை. நாம் அவர்களுடையதை மதித்தால்தான், நமது பழைய பள்ளியையும் அவர்கள் மதிக்க வேண்டும் என்று வாய் திறந்து கேட்க முடியும்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

பரிசுக்கு விண்ணப்பிப்பது அரசாங்கத்தின் வேலை. ஆனால் எதைக் காட்டி விண்ணப்பிப்பது என்பது வீடுகளில்தான் இருக்கிறது. சகோதரிகளே, உங்களால் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

வீட்டில் வயதான உம்மும்மாவோ வாப்பும்மாவோ இருந்தால், அவர் பழைய காலத்தைச் சொல்லும்போது ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பாதையில் ஆற்றைக் கடந்தது, பழைய பள்ளியில் எண்ணெய் விளக்கு எரிந்தது, எந்தப் பெருநாளுக்கு என்ன பலகாரம் சுட்டது, பன்பாயில் எந்தக் கோலத்துக்கு என்ன பெயர்... இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் கண்ணை மூடினால் அதோடு போய்விடும்.

பழைய காணி உறுதி, கலியாணப் பதிவு, அரபுத் தமிழில் எழுதிய ஏடு, கையெழுத்துக் கிதாபு எதுவும் அலுமாரிக்குள் இருந்தால் கறையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். காயவைத்து, சுத்தமான துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். படித்த பிள்ளைகளிடம் காட்டிப் படம் எடுத்து வையுங்கள்.

பள்ளிவாசலை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றால், உங்கள் கணவரிடமோ மகனிடமோ சொல்லுங்கள்: "முதலில் படம் எடுங்கள், அளந்து வரையுங்கள், மரத்தூணையும் கல்வெட்டையும் எறியாதீர்கள்." நிர்வாகத்தில் பெண்கள் இல்லாவிட்டாலும், வீட்டில் பெண்கள் சொல்வது நிர்வாகத்தின் காதுக்குப் போகாமல் இருப்பதில்லை.

கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ எழுத்துள்ள கல்லோ பழைய நாணயமோ கிடைத்தால் மறைக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை பாதுகாப்புக்குரியவை. பயமாக இருந்தால் பள்ளி நிர்வாகத்தையும் கிராம சேவையாளரையும் சாட்சியாக வைத்து, படம் எடுத்து, எழுத்தில் அறிவியுங்கள். எழுத்தில் இருப்பது பின்னாளில் உங்களுக்கே பாதுகாப்பு.

தயிரோ பாயோ பலகாரமோ விற்கும் சகோதரிகள் நான்கைந்து பேராகச் சேர்ந்து விற்றுப் பாருங்கள். சுத்தமான பாத்திரம், சரியான நிறை, எல்லோருக்கும் ஒரே விலை. வெளியூர்க்காரர் என்று விலையைக் கூட்டினால் அவர் இனி நிற்க மாட்டார். நியாயமாக நடந்தால், வெருகல் பாலத்தைத் தாண்டிப் போகிறவர் அடுத்த முறை வாகனத்தை நிறுத்துவார். தன் ஊருக்குப் போய் இன்னும் பத்துப் பேரிடம் சொல்வார்.

வெருகலின் பெயர் ஒருநாள் அந்த உலகப் பட்டியலில் வருமோ வராதோ, அது அல்லாஹ்வின் நாட்டம். வந்தாலும், மேடையில் ஏறி மாலை வாங்குகிறவர் யாரோ ஓர் அதிகாரியாகத்தான் இருப்பார். அன்றைக்கு அந்த மேடைக்குக் கீழே, ஆற்றங்கரைத் தமிழ்க் குடும்பமும், கரையோரத்து வேடர் குடும்பமும், பாய் இழைக்கும் நமது ராத்தாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து "இது எங்களுடையது" என்று சொல்ல முடிய வேண்டும். அதற்கான வேலையை இன்றைக்கே, அந்தக் கொப்பியை எடுத்து உம்மும்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள்.